வுச்சீரியாவிலிருந்து வந்த லேத்

அமலினிக்கு லேத் ஓட்டத் தெரியும் என்பது இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் யாருக்கும் தெரியாது.

அவள் என் ஒன்றுவிட்ட தம்பி சுரேஸின் மனைவி. காலையில் ஒரு வயதான இத்தாலிய சிஞ்ஞோராவின் வீட்டுக்குப் போய் அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து, வீட்டைத் துடைத்துவிட்டு வருவாள். பிற்பகலில் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இரண்டு மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுவாள். கோயிலில் வாசகம் வாசிப்பாள். பங்குத் திருவிழாவுக்கு றோல்ஸ் செய்வதென்றால் எல்லோரும் அவளைத்தான் தேடுவார்கள். நாங்கள் அறிந்த அமலினி இவ்வளவுதான்.

சுரேஸுக்கு விஷயம் தெரியும். ஆனால் மனைவியின் இரத்த வகை தெரிந்திருப்பதைப் போலத்தான் தெரியும். தேவைப்படும் வரைக்கும் யார் அதை நினைக்கிறார்கள்?

மன்னாரில் சமாதான காலம் வந்திருந்த நேரம், குருமார் நடத்திய ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அவள் தையல் படிக்கப் போனாள். தையல் வகுப்பு நிரம்பிவிட்டது. லேத் வகுப்பில் மட்டும் இடமிருப்பதாகவும், அது பெடியங்களுக்கானது என்றும் அலுவலகத்தில் சொன்னார்கள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் அதிலேயே பெயரைக் கொடுத்தாள். முதல் வாரம் முழுவதும் ஏன் வந்தோம் என்றிருந்தது. பிறகொரு நாள், சுழன்றுகொண்டிருந்த இரும்புத் தண்டில் கத்தியின் நுனி தொட்டதும், நீலம் பாரித்த ஒரு சுருள் எழும்பி, அறுபடாமல் நீண்டு வந்து அவளுடைய காலடியில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் தையலை நினைக்கவில்லை.

பயிற்சியை முடித்து வேலை தேடுவதற்குள் பலெர்மோவிலிருந்து சுரேஸின் கலியாணப் பேச்சு வந்தது. இங்கே வந்தாள். கெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் வரிசையில் நின்று பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியை எடுத்தாள். வீடுகளைத் துடைத்தாள். மகள் மார்த்தினாவைப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்தாள். லேத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் படுக்கப் போகும் முன் தொலைபேசியில் யாரோ எங்கோ இரும்பு கடையும் வீடியோக்களைப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. மற்றப் பெண்கள் நாடகத் தொடர் பார்ப்பதைப் போல.

போன வருடம் மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. வியாழன் பிற்பகல் அவளுக்கு ஓய்வு. சாளை மீன் வாங்குவதற்காக வுச்சீரியா என்ற பழைய சந்தைக்குப் போனாள். அங்கே இப்போது மீன் கடைகளைவிட மதுக்கடைகள்தான் அதிகம். என்றாலும் அவளுக்கென்று பழக்கமான ஒரு மீன்காரர் இருந்தார். அவருடைய கடைக்குப் போகும் சந்தில், எப்போதும் பூட்டிக் கிடக்கும் ஒரு கதவு அன்று திறந்திருந்தது. உள்ளேயிருந்து இரும்பும் பழைய எண்ணெயும் கலந்த மணம் வந்தது. அமலினி நின்றுவிட்டாள்.

உள்ளே ஒரு வயதான பெண் அட்டைப் பெட்டிகளுக்குள் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். பெயர் கொன்செத்தா. அமலினியின் நிறத்தையும் கையிலிருந்த பையையும் பார்த்துவிட்டு, “துடைக்க ஆள் தேவையில்லை மகளே. எல்லாவற்றையும் காலி செய்யப் போகிறோம்” என்றார்.

“வேலை கேட்டு வரவில்லை சிஞ்ஞோரா. அந்தத் துணிக்குக் கீழே இருப்பது தோர்னியோதானே?”

தோர்னியோ என்பது லேத்துக்கு இத்தாலியர் சொல்லும் பெயர். வீடியோக்களில் கேட்டு அறிந்த அந்தச் சொல்லை அமலினி அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள்.

கொன்செத்தா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். “உனக்கு இதைத் தெரியுமா?”

“ஓட்டத் தெரியும். முந்தித் தெரியும்.”

கொன்செத்தாவின் கணவர் தொத்தோ படகுகளுக்கும் விளக்குகளுக்கும் பித்தளைச் சாமான்கள் கடைந்து கொடுத்தவர். அவர் இறந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இடத்தைச் சுற்றுலாக்காரர் தங்கும் அறைகளாக மாற்றப்போகிற ஒருவருக்கு விற்றாயிற்று. மாத முடிவில் சாவியைக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே கொன்செத்தா துணியை இழுத்தார்.

பச்சையும் சாம்பலும் கலந்த நிறத்தில், அமலினி இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமாக அது நின்றது. அவள் விரலால் அதன் நீண்ட இரும்புத் தளத்தைத் தடவிப் பார்த்தாள். துரு இல்லை. கடைசி நாள் வேலை முடித்தபோது தொத்தோ பூசிய எண்ணெய், தூசியோடு சேர்ந்து கெட்டியாகி அதைக் காப்பாற்றியிருந்தது. கைச்சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினாள். முதலில் முரண்டு பிடித்தது, பிறகு அசைந்து கொடுத்தது.

“இதை விற்பீர்களா?”

“இரும்புக்காரனைத் தவிர யாரும் கேட்கவில்லை. உனக்கு எதற்கு இது?”

அமலினி, “தெரியாது சிஞ்ஞோரா. வேண்டும்” என்றாள்.

கொன்செத்தா சிரித்துவிட்டார். நியாயமான விலை ஒன்றைச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை ஆட்களோடு வரச் சொன்னார். அமலினி சாளை வாங்க மறந்து வீடு திரும்பினாள்.

அவர்களுடைய வீடு ஒரேத்தோப் பகுதியில், தரைத்தளத்தில் இருக்கிறது. பின்பக்கம் முற்றத்தைப் பார்த்தபடி ஓர் அறை. அதில் சுரேஸ் கரம் போர்ட் வைத்திருந்தான். ஞாயிறு பின்னேரங்களில் நானும் எங்கள் கூட்டாளிகள் லூர்துவும் றொனியும் அங்கேதான் கிடப்போம். கடவுள் எங்கள் நால்வருக்கென்றே அந்த அறையைத் தந்ததாக நினைத்திருந்தோம்.

சுரேஸ் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறான். அன்றைக்கு லீவு. வீட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான்.

“இஞ்சாருங்கோ, ஒரு சாமான் வாங்கப் போறன்.”

“என்ன, ஃபிரிட்ஜோ?”

“லேத்.”

சுரேஸ் கத்தியை வைத்தான். “எந்த லேத்?”

“இரும்பு கடையிற லேத். வுச்சீரியாவிலை ஒண்டு நிக்குது. நல்ல சாமான். அவ விக்கிறா.”

“அதை எங்கை வைக்கிறது?”

அமலினி பின் அறையைத் திரும்பிப் பார்த்தாள். சுரேஸும் பார்த்தான்.

“அப்ப கரம் போர்ட்?”

“அதைச் சுவரிலை சாத்தி வைக்கலாம்தானே.”

பின்னாளில் சுரேஸ் என்னிடம் சொன்னான்: “வாங்கட்டோ எண்டு அவள் கேட்டிருந்தால் ரெண்டு நாள் யோசிச்சிருப்பன் அண்ணை. அவள் அப்பிடிக் கேக்கேல்லை. கண்ணெல்லாம் ஒரு மாதிரி மினுங்கிக்கொண்டு நிண்டாள். எனக்கு வெங்காயத்தாலை கண்ணீர் வந்ததோ வேறை எதாலையோ தெரியாது. சரி எண்டிட்டன்.”

பொலோஞ்ஞாவில் படிக்கும் மார்த்தினா தொலைபேசியில் கத்தினாள். “மம்மா, நீங்கள் பாட்ஸா! சரியான பாட்ஸா!” பாட்ஸா என்றால் பைத்தியக்காரி. அடுத்த மூச்சிலேயே, “வந்தவுடனை வீடியோ அனுப்புங்கோ” என்றாளாம்.

அடுத்த வியாழக்கிழமை இடத்தைப் பார்த்து வழிவகை யோசிப்பதற்காக அமலினியும் சுரேஸும் நானும் போனோம். கதவடியில் கொன்செத்தா நின்ற நிலையைப் பார்த்ததுமே ஏதோ பிழை என்று விளங்கிவிட்டது. அவருடைய அக்காவின் மகன், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, பழைய இரும்பு எடுப்பவரை அன்று காலை கூட்டி வந்திருக்கிறான். தூக்கக்கூடிய எல்லாவற்றையும் அந்த ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். லேத்தின் உடல் மட்டும் பாரம் காரணமாக நின்றது. அதற்கு மறுநாள் ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அமலினி லேத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். கடையும் தண்டைக் கவ்விப் பிடிக்கிற சக் இல்லை. தண்டின் மறு நுனியைத் தாங்குகிற பாகம் இல்லை. கத்திகள் இல்லை. வேகம் மாற்றும் பற்சக்கரங்கள் இருந்த பெட்டியும் இல்லை.

“இது இப்ப கை ரெண்டும் இல்லாத ஆள் மாதிரி அண்ணை,” என்றாள் என்னிடம். “நிக்கும். வேலை செய்யாது.”

கொன்செத்தா தலையில் கை வைத்துக்கொண்டு அவனைச் சிசிலிய மொழியில் திட்டத் தொடங்கினார். அமலினி அவருடைய தோளைத் தொட்டாள். “அந்த ஆள் எங்கே இருப்பார், தெரியுமா?”

திட்டுவதை நிறுத்திவிட்டுக் கொன்செத்தா கைப்பையை எடுத்தார். “நானும் வருகிறேன்.”

என்னுடைய சிறிய காரில் நால்வரும் நெருக்கிக்கொண்டு போனோம். ஆற்றுப் பக்கமாக, தகர வேலி அடைத்த ஒரு வளவு. குவியல் குவியலாகக் கட்டில் சட்டங்கள், சலவை இயந்திரங்கள், குளியலறைக் குழாய்கள். நடுவில் ஒரு கதிரையில் பெரிய உடம்போடு ஒருவர் பனினோ சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். அவர்தான் மிம்மோ. கொன்செத்தா காரிலிருந்து இறங்கும்போதே சத்தம் போட ஆரம்பித்தார். மிம்மோ பனினோவும் கையுமாக இரண்டு கையையும் உயர்த்தினார். “காலி செய்யச் சொன்னார்கள், செய்தேன். நான் என்ன திருடினேனா?”

“அவரில் பிழை இல்லை சிஞ்ஞோரா,” என்றாள் அமலினி. பிறகு மிம்மோவிடம், “இன்று காலையில் கொண்டுவந்த குவியல் எது? நான் தேடலாமா?” என்று கேட்டாள்.

மிம்மோ சுரேஸைப் பார்த்தார். “உனக்கா தோர்னியோ?”

சுரேஸ் கையை விரித்து மனைவியைக் காட்டினான். “எனக்கு அதன் பொத்தான் எங்கே இருக்கிறதென்றும் தெரியாது. அவளுக்கு.”

மிம்மோ மென்று கொண்டிருந்ததை விழுங்கினார். பிறகு எழும்பி, சுவரில் தொங்கிய தடித்த கையுறை ஒன்றை எடுத்து அமலினியிடம் நீட்டினார். தானும் ஒரு சோடி போட்டுக்கொண்டார்.

அந்த வெயிலில் எவ்வளவு நேரம் தேடினோமோ தெரியாது. சலவை இயந்திரத்தின் உருளை ஒன்றைப் புரட்டியபோது கீழே சக் கிடந்தது. நல்ல பாரம். அமலினி அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்து காரின் முன்னால் வைத்தாள். தண்டின் மறு நுனியைத் தாங்கும் பாகத்தை மிம்மோவே கண்டுபிடித்தார். அதைக் கண்டதும் அவருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. “இது? இதுவும் அதனுடையதா?” என்று ஒவ்வொரு துண்டாகத் தூக்கிக் காட்டினார். அமலினி ஓம் என்றும் இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். கொன்செத்தா மிம்மோவின் கதிரையில் உட்கார்ந்து, “தொத்தோ அந்தப் பிடியைச் சிவப்பில் பூசியிருந்தான், சிவப்பைத் தேடுங்கள்” என்று கட்டளையிட்டார்.

பற்சக்கரங்கள் மட்டும் அகப்படவில்லை. மிம்மோ நெற்றியில் அடித்துக்கொண்டார். தங்கும் அறைகளை அலங்கரிக்கிற ஒரு பெண் மத்தியானம் வந்து, சுவரில் தொங்கவிட அழகாயிருக்கும் என்று பெட்டியோடு வாங்கிப் போய்விட்டாளாம். அங்கேயே நின்று அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் சிசிலிய மொழியில் பேசிய வேகத்தில் எனக்குப் பாதிதான் விளங்கியது. ‘ஒரு பெண்பிள்ளை’, ‘தோர்னியோ’, ‘பாவம்’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. அந்தப் பெண் அன்று மாலையே பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்கெனவே மணிக்கூடு ஒன்றில் ஒட்டிவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அந்தச் சக்கரம் இன்றுவரை வரவில்லை. அது இல்லாமல் கடைய முடியாத திருகாணி மரை வகைகள் சில இருக்கின்றன. அமலினி அவற்றைக் கடைவதில்லை.

“இரும்பாக எடுத்தேன், இரும்பாகவே தருகிறேன்,” என்று சொல்லி மிம்மோ எல்லாவற்றையும் தராசில் போட்டார். இரும்பு விலைக்கு மேல் ஒன்றும் வாங்கவில்லை. பிறகு கேட்டார்: “சரி, உடலை எப்படிக் கொண்டுபோவீர்கள்?”

“தள்ளி,” என்றாள் அமலினி.

“யார் தள்ளுவது?”

சுரேஸும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மிம்மோ எங்கள் இருவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “சனிக்கிழமை காலையில் நானே வருகிறேன்,” என்றார்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் அமலினி ஸ்பானர் சாவிகளோடு வுச்சீரியாவுக்குப் போய், பாரத்தைக் குறைப்பதற்காக மோட்டாரையும் கழற்றக்கூடிய பாகங்களையும் கழற்றி வைத்தாள். கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டாள். கொன்செத்தா பக்கத்தில் இருந்து தேநீர் கலந்து கொடுத்தாராம்.

சனிக்கிழமை லூர்துவும் றொனியும் வந்தார்கள். கரம் அறை பறிபோகிற கவலை இருவர் முகத்திலும் இருந்தது. மிம்மோ தன்னுடைய லாப்பாவில் வந்தார். பலெர்மோக்காரர் லாப்பா என்று சொல்வது மூன்று சக்கரச் சிறு லொறியை. சந்தின் வாயில் கட்டட வேலைக்குச் சாரம் கட்டியிருந்ததால் அதை உள்ளே கொண்டுவர முடியவில்லை. லேத்தைச் சந்து முழுவதும் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஏற்ற வேண்டும். தடித்த பலகையில் லேத்தை இறுக்கிக் கட்டி, கீழே இரும்புக் குழாய்களை வைத்து உருட்டினோம். பின்னால் வெளிவரும் குழாயை எடுத்து ஓடிப்போய் முன்னால் வைப்பது என்னுடைய வேலை. லூர்துவும் றொனியும் சுரேஸும் தள்ள, மிம்மோ முன்னால் சங்கிலியில் இழுத்துப் பிடித்தார்.

வுச்சீரியாவின் பழைய கல் பாவிய தரை மேடும் பள்ளமுமானது. மீன்கழுவும் தண்ணீர் ஓடி வழுவழுத்துக் கிடக்கும். சந்தின் நடுவில் ஒரு வடிகால். அதைத் தாண்டும்போது ஒரு குழாய் பிசகிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. லேத் பக்கவாட்டில் சாய்ந்தது. தள்ளிய மூவராலும் தாங்க முடியவில்லை. “பிடி! பிடி!” என்று றொனி அலறினான். அந்த நேரத்தில் சாய்கிற பக்கத்துக்கு ஓடினாள் அமலினி.

“அங்கை போகாதை!” என்று சுரேஸ் கத்தினான்.

அவள் லேத்தைப் பிடிக்கப் போகவில்லை. சுவரோரம் கிடந்த மீன்பெட்டிகளுக்கான மரக்கட்டை ஒன்றை எடுத்து, பலகைக்கும் தரைக்கும் இடையில் காலால் உதைத்துச் செருகிவிட்டு விலகினாள். லேத் அதில் சாய்ந்து நின்றது. இதற்குள் மீன்காரரும், மதுக்கடையில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்களும், வழியில் போன யாரோ இரண்டு பேரும் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். மீன்காரர் எண்ணி ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல எல்லோருமாக நிமிர்த்திவிட்டோம். யாருக்கும் காயமில்லை. றொனி தரையில் அப்படியே உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டான். சுரேஸ் அமலினியின் கையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

“நீர் இனித் தள்ளி நில்லும்,” என்றான்.

“ஓம்,” என்றாள். ஆனால் நிற்கவில்லை.

ஓடிவந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. லாப்பாவில் ஏற்றும்வரை கூடவே வந்தார்கள். அமலினி ஒவ்வொருவரிடமும் போய் நன்றி சொன்னாள். மீன்காரர், “போன கிழமை சாளை எடுத்து வைத்தேன், நீ வரவில்லை. இதற்காகத்தானா?” என்று கேட்டார்.

ஒரேத்தோவில் இன்னொரு சிக்கல். பின் அறையின் கதவு ஒரு விரல் அகலம் குறைவாக இருந்தது. கதவைக் கழற்றி, பிறகு நிலையையும் கழற்றினோம். அந்தத் தட்டுதலைக் கேட்டு மேல்மாடிச் சிஞ்ஞோரா பீனா இறங்கி வந்தார். எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் பலமுறை முறைப்பாடு செய்தவர் அவர். அமலினி முன்னால் போனாள்.

“சிஞ்ஞோரா, இது ஒரு தோர்னியோ. பகலில் மட்டும்தான் ஓட்டுவேன். உங்களுக்குத் தொந்தரவென்றால் சொல்லுங்கள், நிறுத்திவிடுவேன்.”

சிஞ்ஞோரா பீனா அறைக்குள் எட்டிப் பார்த்தார். “அந்தப் பலகை விளையாட்டு? டக், டக், டக் என்று?”

“இனி அதற்கு இடமில்லை.”

சிஞ்ஞோரா பீனா நெஞ்சில் கை வைத்து வானத்தைப் பார்த்தார். “கடவுளுக்கு நன்றி,” என்றார். எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். லூர்து மட்டும் அந்தக் காப்பியை மனமில்லாமல் குடித்தான்.

லேத் வந்து சேர்ந்ததே தவிர ஓடவில்லை. அதன் மோட்டார் தொழிற்சாலை மின்சாரத்துக்கானது. வீட்டுக்கு வருகிற மின்சாரத்தில் அது முனகக்கூட இல்லை. எங்கள் பங்கைச் சேர்ந்த ஜோக்கிம் ஒரு இத்தாலிய மின்சாரக்காரரோடு வேலை செய்கிறவன். அவன் வந்து பார்த்துவிட்டு, “இதுக்கு ஒரு இன்வேர்ட்டர் போட வேணும் அக்கா” என்றான். சரியானது கிடைக்கச் சில வாரங்கள் போயின. அந்த வாரங்களில் அமலினி பாகங்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டுப் பூட்டினாள். சிவப்புப் பிடி அதன் இடத்துக்கு வந்தது. வேலை முடிந்து களைத்துப் போய் வருகிறவள், உடுப்பு மாற்றுமுன் அந்த அறைக்குள் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குசினிக்குப் போவாள் என்று சுரேஸ் சொன்னான்.

ஓட்டிய அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். கொன்செத்தாவைச் சுரேஸ் போய்க் கூட்டி வந்தான். அவருக்கு வாசலோரம் ஒரு கதிரை. ஜோக்கிம் கடைசிக் கம்பியை இறுக்கிவிட்டுத் தள்ளி நின்றான். அமலினி தலைமயிரை இறுக்கிக் கட்டி, கண்ணாடி போட்டு, வளையலைக் கழற்றி வைத்தாள். சக்கில் ஒரு இரும்புத் துண்டைப் பூட்டினாள். பொத்தானை அழுத்தினாள். லேத் ஒரு தரம் உதறிவிட்டுச் சுழலத் தொடங்கியது.

கத்தியைக் கொண்டுபோய்த் தொட்டாள். கிரீச் என்று ஒரு சத்தம். கத்தியின் நுனி உடைந்து பறந்தது. அமலினி நிறுத்தினாள். வேறொரு கத்தியைப் பூட்டி மறுபடியும் தொட்டாள். இம்முறை உடையவில்லை. ஆனால் இரும்பின் மேல் அலை அலையாகக் கீறல் விழுந்தது. அவளுடைய கழுத்தில் வியர்வை ஓடியது. எனக்கு அங்கே நிற்பதே கூச்சமாக இருந்தது. இவ்வளவு ஆட்களைக் கூட்டி வைத்துக்கொண்டு அவளை இப்படி நிறுத்திவிட்டோமே என்று நினைத்தேன்.

“மறந்து போச்சு,” என்றாள் மெதுவாக, யாரையும் பார்க்காமல். “கை மறந்து போச்சு.”

சுரேஸ் பக்கத்தில் போனான். “ஆருக்கு அவசரம்? எங்களுக்கு இனி கரமும் இல்லை. ஆறுதலாச் செய்யும்.”

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். கத்தியைக் கழற்றி, கீழே ஒரு மெல்லிய தகட்டை வைத்து உயரத்தைச் சரிபார்த்து மறுபடியும் பூட்டினாள். வேகத்தைக் குறைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கைச்சக்கரத்தைத் திருப்பினாள்.

சத்தம் மாறியது. எனக்கு லேத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த மாற்றம் எனக்கும் கேட்டது. கத்தியின் நுனியிலிருந்து ஒரு சுருள் எழும்பியது. உடைந்தது, மறுபடியும் எழும்பியது, பிறகு உடையாமல் நீண்டுகொண்டே வந்தது. பின்னால் இரும்பு கண்ணாடிபோல் மின்னியது. அமலினி கண்ணாடிக்குள்ளே அழுதுகொண்டிருந்தாள். கையை மட்டும் நிறுத்தவில்லை.

கதிரையில் இருந்த கொன்செத்தா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். “இந்தச் சத்தத்தைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து திட்டினேன்,” என்றார். “தொத்தோ மருந்துக்கும் தூங்க விடமாட்டான். இன்னும் கொஞ்சம் ஓட்டு மகளே.”

அமலினி இன்னமும் அந்த வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறாள், படிக்கட்டுகளைக் கழுவுகிறாள். அது மாறவில்லை. வியாழன் பிற்பகலும் சனிக்கிழமையும் அந்த அறைக்குள் இருப்பாள். இடியப்ப உரலின் அடிக்கட்டை தேய்ந்துபோனவர்கள் அவளிடம் வருகிறார்கள். எங்கள் சனத்தில் இடியப்ப உரல் இல்லாத வீடு ஏது? மொரிசியஸ்காரி ஜோசியான், காவடித் திருவிழாவுக்கு இழுக்கிற சின்னத் தேரின் சக்கர அச்சு தேய்ந்துவிட்டதென்று கொண்டுவந்தாள். அமலினி புதிய அச்சு கடைந்து கொடுத்து, தேர் இழுக்கிற அன்று போய்ப் பார்த்தும் வந்தாள். அவள் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோராவின் சக்கர நாற்காலி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது நேராகப் போகிறது. சில பொருட்கள் கடையும்போது பிழையாகியும் போகின்றன. அவற்றை ஒரு வாளியில் போட்டு வைத்திருக்கிறாள், மிம்மோ வந்து எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் நான் கேட்டேன், இதிலெல்லாம் அவளுக்கு எது பெரிய சந்தோசம் என்று.

“அண்ணை, கொன்செத்தாவிலை இருந்து நீங்கள் வரைக்கும், உனக்கேன் இது எண்டு ஒருத்தரும் என்னை ரெண்டாந்தரம் கேக்கேல்லை,” என்றாள். “அதுதான் பெரிசு.”

மார்கழி மாதத்தில் அவள் நன்றித் திருப்பலி ஒன்று ஒப்புக்கொடுத்தாள். சாதாரணமாக அதில் குடும்பத்தாரின் பெயர்கள்தான் வாசிக்கப்படும். எங்கள் சுவாமியார் அன்று கொன்செத்தா, மிம்மோ, பீனா, ஜோக்கிம், லூர்து, றொனி என்று வாசித்து, ஏர்னஸ்ற் என்ற என் பெயரும் வர நான் தலைகுனிந்திருக்க, ‘வுச்சீரியாவில் தோள் கொடுத்த முகந்தெரியாத சகோதரர்கள்’ என்று முடித்தார். கோயிலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொத்தோவின் பெயரை இறந்தோருக்கான மன்றாட்டில் தனியாகச் சேர்த்திருந்தாள்.

கொன்செத்தாவும் மிம்மோவும் பின் வரிசை வாங்கில் அடுத்தடுத்து இருந்தார்கள். தமிழ்ப் பூசையில் ஒரு சொல்லும் விளங்காமல், எல்லோரும் எழும்பும்போது எழும்பி, இருக்கும்போது இருந்தார்கள். மிம்மோ வெள்ளைச் சட்டை போட்டு, தலையை ஈரமாக்கிச் சீவியிருந்தார்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர். அமலினி தட்டு நிறைய றோல்ஸ் கொண்டுவந்து மிம்மோவின் முன்னால் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு, உள்ளே இருந்த கிழங்கையும் மீனையும் உற்றுப் பார்த்து, வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

“இது எங்கள் அரஞ்சினாவுக்குத் தம்பி முறை,” என்றார் கொன்செத்தாவிடம். அரஞ்சினா என்பது அவர்கள் பொரிக்கிற சோற்று உருண்டை. “ஆனால் கோபக்காரத் தம்பி.” உறைப்பில் கண்ணீர் வழிய, இரண்டாவதை எடுத்தார்.